அலரிவிதையும் ஆட்டுக் குருதியும்: கீழ்க்கரையிலிருந்து ஒரு மருத்துவச் சமூக வரலாற்று நோக்கு

நோயின் வரலாறு என்பது கிருமிகளினதும் நஞ்சுகளினதும் வரலாறு மட்டுமன்று. யார் நோயுற்றனர், எவ்வளவு தூரம் சுமந்து செல்லப்பட்டனர், சென்ற இடத்தில் மருந்து இருந்ததா, இல்லையெனின் அது யாருடைய கையில் இருந்தது என்னும் வினாக்களும் அவ்வரலாற்றின் பகுதிகளே. இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்ட நாம் மருத்துவ வரலாற்றினுள் நுழைவதற்கு ஒரு சமாதானம் கூறவேண்டியிருக்கலாம். அலரிவிதை நஞ்சு பற்றிய ஆங்கில மருத்துவக் கட்டுரைகள் ஏராளமாக உள. அவை எழுதப்பட்டது எமது மக்களின் உடல்களை வைத்தே. ஆயினும் அவ்வுடல்களுக்குரியோர் பேசும் மொழியில் இவ்வரலாறு ஒழுங்காக எடுத்துரைக்கப்படவில்லை. இக்குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதற்கண் பெயர்க்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளல் நன்று. தமிழ் இலக்கியத்திலே கணவிரம் என்றும் அலரி என்றும் வழங்குவது செவ்வலரியாகும். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் வீதியிலே திரியும் பித்தன் கணவிர மாலையும் எருக்கமாலையும் அணிந்தவனாகக் காட்டப்படுகிறான். வடமொழியில் மிருச்சகடிக நாடகத்திலே கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்படும் சாருதத்தனின் கழுத்தில் இதே மலரின் மாலை கிடக்கிறது. சமூகத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டவனுக்கு உரிய மலராக இது நெடுங்காலமாகவே கருதப்பட்டு வந்துள்ளமை தெளிவு. ஆனால் இன்று எமது வேலிகளிலே மஞ்சட் பூவுடன் நிற்கும் மரம் இதுவன்று. மஞ்சள் அலரி, தமிழகத்தார் பொன்னரளி என்பது, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசத்துக்குரியது. 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவியும் பயணியுமான அந்திரே தெவே என்பாரின் பெயரையே தாவரவியலாளர் அதற்குச் சூட்டினர். ஐரோப்பியர் கடல்வழிகளைத் திறந்த பின்னரே அது எமது கரைகளுக்கு வந்தது. ஆகவே பழைய ஏடுகளில் அலரி நஞ்சுக்குக் கூறப்படும் முறிவுகளை இம்மரத்துக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. இரண்டின் நஞ்சும் ஒரே குடும்பத்தவை என்பது வேறு செய்தி. மரபு மருத்துவத்தைப் போற்றுவோரும் இகழ்வோரும் ஒருங்கே மறந்துவிடும் நுட்பம் இது.

ஆடு மாடு கடிக்காத மரம் ஆதலின் இதனை வேலிக்கு நட்டனர். பூ வீட்டு வாசலுக்கும் கோயிலுக்கும் உதவியது. வறட்சியைத் தாங்கும், எவரும் நீர் ஊற்ற வேண்டியதில்லை. வட மாகாணத்தில் மட்டுமன்றிக் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை முதலாய கீழ்க்கரை ஊர்களிலும் இதனை வளவுகளில் இன்றும் காணலாம்.

1980க்கு முன்னர் இம்மரம் இலங்கையிலே உயிரைப் போக்கிக்கொள்ளும் வழியாக ஏறத்தாழ அறியப்படாதிருந்தது. அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தில் இரு மாணவிகள் இவ்வகையில் இறந்தனர். பத்திரிகைகள் அதனைப் பெரிதாக வெளியிட்டன. அடுத்துவந்த ஆண்டுகளில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகிற்று. மரம் புதிதாக வந்ததன்று; புதிதாக வந்தது செய்தி. இவ்விடத்து மொழித்துறையினராகிய எமக்கும் இவ்வரலாற்றிலே ஒரு பொறுப்பு உண்டென்பதை மறுக்கவியலாது. ஓர் இளம் பெண்ணின் சாவைக் காதற் காவியமாகவோ குடும்ப மானத்தின் தீர்ப்பாகவோ எழுதும் உரைநடை, அச்சாவின் சமூகக் காரணங்களை மறைப்பதோடு நில்லாது அதற்கொரு மாதிரியையும் வழங்கிவிடுகிறது. 1980இன் செய்தியாளர்கள் தீய நோக்கினர் அல்லர். சந்தை கேட்டதை அவர்கள் கொடுத்தனர்.

1978இல் தோற்றுவிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் 170 நோயாளரைப் பற்றிய ஆய்வினை 1988இல் வெளியிட்டனர். உலகின் எந்த மூலையிலும் அதுவரை இவ்வளவு பெருந்தொகையான மஞ்சள் அலரி நோயாளர் ஒருங்கே ஆராயப்பட்டதாகத் தெரியவில்லை. அக்கட்டுரை அச்சேறுவதற்கு முந்திய ஆண்டு, 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளே இந்திய இராணுவத்தினர் புகுந்து வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளரையும் சுட்டுக்கொன்றமையையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். எத்தகைய சூழலில் இந்த அறிவு திரட்டப்பட்டது என்பதை உணர்வதற்கு அது உதவும்.

இனி, நஞ்சு எவ்வாறு இதயத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். இதயத் தசையின் ஒவ்வொரு கலத்தின் சுவரிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளிழுக்கும் ஒரு பம்பி உண்டு. டென்மார்க்கின் ஆகூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கூ 1957இல் இதனை இனங்கண்டார். நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1997இல், அதற்காக நோபல் பரிசு பெற்றார். அலரிவிதையிலுள்ள தெவெற்றின், நெரிஃபோலின், பெருவோசைட் முதலான பொருள்கள் இப்பம்பியைப் பற்றிப்பிடித்து நிறுத்திவிடுகின்றன. கலத்தினுள் சோடியம் மிக, அதன் தொடர்ச்சியாகக் கல்சியமும் மிகும். குருதியிலே பொற்றாசியம் உயரும். மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின் தூண்டல் தாமதமாகி, பின்னர் முற்றாகத் தடைப்படும். நாடி தளர்ந்து போகும்; அல்லது கீழறைகள் ஒழுங்கின்றித் துடிதுடித்து நின்றுவிடும். நஞ்சு உள்ளே நெடுநேரம் உறிஞ்சப்படுவதால், எழுந்து நடமாடி உறவினரோடு பேசிக்கொண்டிருந்த நோயாளி மறுநாளோ அதற்கும் பின்னரோ திடீரெனச் சாய்ந்துவிடலும் உண்டு. நோயாளி நன்றாக இருக்கிறார், வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று குடும்பத்தினர் கேட்கும் வேளையே பல சமயம் ஆபத்தான வேளையாகும். வைத்தியர்கள் பல நாள்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டுமென்று வற்புறுத்துவது இதனாலேயே.

இதே இயல்புடைய பொருளொன்று, உரிய அளவிலே, இதய நோய்க்கு மருந்துமாகும். இங்கிலாந்திலே வில்லியம் விதரிங் 1785இல் ‘டிஜிற்றாலிஸ்’ செடியைப் பற்றிய நூலினை வெளியிட்டார். ஷ்ரொப்ஷயர் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருத்தியின் குடும்பத்து மூலிகைக் கலவையிலிருந்தே தாம் அதனைக் கற்றதாக அவரே கூறுகிறார். அம்மூதாட்டியின் பெயரை அவர் குறித்துவைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஒரு மருந்துக் கம்பனியின் விளம்பரமே அவளுக்கொரு பெயரை இட்டு வழங்கியது! கிராமத்துப் பெண்ணின் அறிவு வைத்தியரின் நூலாகி, நூல் கம்பனியின் சரக்காகி, இறுதியில் சரக்கே அப்பெண்ணுக்குப் பெயரும் சூட்டிய இவ்விந்தையை விட முதலாளித்துவத்தின்கீழ் அறிவு பெறும் கதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அச்செடியினத்திலிருந்து டிஜொக்ஸின் 1930இல் பிரித்தெடுக்கப்பட்டது. உலகெங்கும் இதய நோயாளர் அதனை விழுங்கினர். சிலர் அளவுக்கு மீறி விழுங்கினர்.

மேலைநாடுகளில் முறிவுமருந்து தேடப்பட்டது அந்தச் சிலரின் பொருட்டே. செம்மறியாடு போன்ற விலங்கிற்கு டிஜொக்ஸினைப் புரதமொன்றுடன் பிணைத்து ஊசியேற்றினால் அதன் குருதியிலே அதனை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன. அவற்றை முழுதாக மனிதனுக்கு ஏற்றுதல் ஒவ்வாமைக்கு இடந்தரும். றொட்னி போட்டர் என்ற பிரித்தானியர், பப்பாசிப்பாலிலிருந்து பெறும் பப்பெயின் என்னும் நொதியத்தைக் கொண்டு இப்புரதத்தைத் துண்டுகளாக்கலாம் என 1959இல் காட்டியிருந்தார். பற்றிக்கொள்ளும் துண்டை மட்டும் பிரித்தெடுத்து மருந்தாக்கலாம். பொஸ்ரன் நகரில் தோமஸ் சிமித்தும் எட்கர் ஹேபரும் அவர்தம் துணைவரும் டிஜொக்ஸினை அளவுமீறி உட்கொண்ட 39 வயதான ஒருவருக்கு இதனை ஏற்றி உயிர்காத்த செய்தியை 1976இல் வெளியிட்டனர். 1986இல் ஐக்கிய அமெரிக்காவில் இது விற்பனைக்கு அனுமதி பெற்றது. பப்பெயின் ஒருகாலத்தில் இலங்கையிலிருந்தே ஏற்றுமதியான பண்டம் என்பதை இங்கே இடைச்செருகலாகக் குறித்துவைக்கிறோம். மூலப்பொருள் இங்கிருந்து போக, முடிந்த பொருள் எம்மால் வாங்கவியலாத விலையில் திரும்பிவருதல் தேயிலையும் றப்பரும் எமக்கு முன்னரே கற்பித்த பாடம்.

டிஜொக்ஸினை எதிர்க்கவென ஆக்கிய இம்மருந்து அலரி நஞ்சையும் பற்றுமா? இரண்டும் உறவுடைய பொருள்கள் ஆதலால் பற்றக்கூடும் என எதிர்பார்க்கப்பட்டது. உறுதிசெய்தது இலங்கையே. கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் இதய நோய்ப் பிரிவுக்கு வெளியூர்களிலிருந்து அனுப்பப்பட்ட, கடும் இதயத்துடிப்புக் கோளாறுடைய 66 நோயாளரை வைத்து, மைக்கல் எடில்ஸ்ரனும் இலங்கை வைத்தியர்களும் நடத்திய பரிசோதனையின் முடிவு 2000ஆம் ஆண்டு ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளிவந்தது. 34 பேருக்கு மருந்து ஏற்றப்பட்டது. 32 பேருக்கு உப்புநீர். எட்டு மணித்தியாலத்தின் முடிவில் மருந்து பெற்றோருள் 24 பேரின் துடிப்பு சீராயிருந்தது. மற்றையோருள் ஐவருக்கே அவ்வாறாயிற்று. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான விடை அடிக்கடி கிடைப்பதில்லை.

இதன்பின் நடந்ததுதான் எமது கவனத்துக்குரியது. பரிசோதனையைத் தொடர்ந்து இம்மருந்து சில காலம் இலங்கையில் நோயாளருக்குக் கிடைத்தது. 2002இல் அது கிடைக்காமற் போயிற்று. அதன் பின்னர் அலரி நஞ்சினால் இறந்தோர் வீதம் ஏறத்தாழ மும்மடங்காக உயர்ந்தது. எடில்ஸ்ரனும் அவருடன் உழைத்த இலங்கையரும் இதனை 2003இல் அதே சஞ்சிகையில் எழுதினர். வாங்கக்கூடிய விலையில் முறிவுமருந்து இல்லாமையால் நிகழ்ந்த மரணங்கள் என்றே அக்கட்டுரையின் தலைப்பு அமைந்தது. மார்க்சிய நூல் எதனையும் அவர்கள் மேற்கோள் காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பயன்பெறுமதிக்கும் பரிவர்த்தனைப் பெறுமதிக்கும் இடையிலான முரண்பாட்டை ஒரு வைத்தியசாலை விடுதியின் இறப்புப் பதிவேட்டிலேயே அவர்கள் காட்டிவிட்டனர். மருந்தின் பயனை நிறுவுவதற்கு இலங்கை ஏழைகளின் நாடிகள் பயன்பட்டன. பயன் நிறுவப்பட்ட பின் விலையை நிர்ணயித்தது வளமிக்க நாடுகளின் சந்தை. அங்கே ஆண்டுதோறும் இம்மருந்து வேண்டுவோர் சிலரே ஆதலின் ஒவ்வொரு குப்பிக்கும் பெருவிலை வைத்தாலன்றி இலாபமில்லை. இங்கே வேண்டுவோர் பலர், ஆயின் வாங்கும் ஆற்றலற்றோர். நோய் எங்கோ, சந்தை வேறெங்கோ.

மலிவான வழிகளும் தேடப்பட்டன. இத்தேடலை இலகுவாக மதித்தலாகாது. கரித்தூளைத் திரும்பத்திரும்பக் கொடுத்து நஞ்சினைக் குடலிலேயே பற்றிக்கொள்ளச் செய்தல் அவற்றுள் ஒன்று. ஜனக த சில்வாவும் துணைவரும் 401 நோயாளரை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, கரி பெற்ற 201 பேரில் ஐவர் இறந்தனர். பெறாத 200 பேரில் 16 பேர். நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2008இல் வெளிவந்த, பல்வகை நஞ்சுண்ட 4,600க்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய பெரும் பரிசோதனையிலே கரியினாற் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. முரண்பட்ட இவ்விரு முடிவுகளையும் பற்றி வைத்தியர்கள் இன்னும் வாதிடுகின்றனர். அதில் எமக்கு இடமில்லை. பிரக்ஞைபூர்வமான ஒரு செய்தியை மட்டும் கூறலாம்: ஏழை நாட்டின் அறிவாளர் தம் மக்களுக்கு ஏற்ற மருந்தைத் தாமே தேட முற்பட்டனர், தமது முன்னைய முடிவையே பெரிய பரிசோதனைக்கு உட்படுத்தவும் அஞ்சவில்லை. எஞ்சியவை பழைய கருவிகளே. அற்றோப்பீன் ஊசியால் நாடியை உயர்த்தல், அது போதாவிடின் கழுத்து அல்லது தொடை நாளத்தினூடாக இதயத்துக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தித் தற்காலிக மின் தூண்டல் கொடுத்தல், பொற்றாசியம் உயர்ந்தால் இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றல், இடைவிடாத கண்காணிப்பு. மின் தூண்டற் கருவி பெரிய நகரங்களின் வைத்தியசாலைகளுக்கே நெடுங்காலம் உரியதாயிருந்தது.

இவ்விடத்தில் இலங்கையின் மருந்துக் கொள்கை வரலாற்றை நினைவுகூராதிருக்க முடியாது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியரும் சமசமாசக் கட்சியைச் சார்ந்தவருமான சேனக பிபிலேயும், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களுள் ஒருவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. வணிகப் பெயரால் அன்றி மருந்தின் பொதுப் பெயரால் வாங்குதல், உலகெங்கும் விலைகோரி மொத்தமாகக் கொள்வனவு செய்தல், தேவையற்ற மருந்துகளைப் பட்டியலிலிருந்து நீக்குதல் என்பன அதன் அடிப்படைகள். பிபிலே 1977 செப்ரெம்பரில் கயானாவில் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டில்தான் கொழும்பிலே திறந்த பொருளாதாரம் அரியணை ஏறியது. ஒரு சிந்தனை உலகத்தை அடைந்த வேளையில் பிறந்த வீட்டிலே வலுவிழந்தது. பிபிலேயின் முறை முழுவலிமையோடு நிலைத்திருப்பின் ஆட்டுக்குருதி மருந்தை மலிவாக ஆக்குவிக்க அரசு முயன்றிருக்குமா என்பது ஊகமே. ஆயின் அத்தகைய வினாவை எழுப்பக்கூடிய ஒரு நிறுவனமாவது இருந்திருக்கும்.

அரசு தலையிட்டால் உயிர் காக்கலாம் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் 100,000 பேருக்கு 47ஆக, உலகின் மிகவுயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் 1995இலும் 1998இலும், பின்னர் 2008 தொடக்கமும் தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து அவ்வீதம் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. தற்கொலை முயற்சி குற்றமென்றிருந்த சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. மக்களின் துன்பம் அந்த ஆண்டுகளில் மூன்றிலொன்றாகக் குறைந்ததென எவரும் சொல்லார். போர் உக்கிரமடைந்திருந்த காலமும் அதுவே. கணநேர வேதனையில் கைநீட்டியவருக்கு எட்டிய பொருள் மாறியது. அதனால் அவர் பிழைத்தார். பிழைத்தவருட் பெரும்பாலானோர் அதன்பின் நெடுங்காலம் வாழ்கின்றனர். நிறுவனத்தின் உற்பத்தியைத் தடைசெய்யலாம், வேலியில் வளரும் மரத்தைத் தடைசெய்தல் எளிதன்று என்பது உண்மை. அதனாலேயே அலரி விடயத்தில் சிகிச்சையின் பங்கு மிகுகிறது.

சம்மாந்துறைக்கு வருவோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்களின் நடுவே, போடியார் என்றும் முல்லைக்காரன் என்றும் வயற்காரன் என்றும் அடுக்கப்பட்ட நிலவுறவுகளின் நெடும் மரபுடைய ஊர் இது. கடன், விளைச்சல் பொய்த்தல், சீதனம், வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாயின் பிரிவு என்பன இங்கே வீட்டினுள் பேசப்படும் பிரச்சினைகள். வெளியே பேசப்படுபவை அல்ல. மார்க்கம் தற்கொலையைக் கடுமையாக விலக்குகிறது. அவ்விலக்கு பலரைத் தடுத்திருக்கவும் கூடும். ஆனால் அசம்பாவிதம் நேர்ந்துவிட்ட வீட்டிலே அதே விலக்கு வெட்கமாக உருமாறி, வயிற்றுக்கோளாறு என்று சொல்லி ஓதிய தண்ணீரோடு சில மணித்தியாலங்களைக் கடத்திவிடுவதும் உண்டு. இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் எம்மிடம், “தம்பி, புள்ளைக்கு என்ன நடந்ததெண்டு டொக்டருக்கிட்டச் சொல்றதுக்கு வாய் வராது, சொன்னா ஊர் முழுக்கக் கேக்கும்” என்றார். அவரைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. வைத்தியரிடம் உண்மையைச் சொல்வது இன்று குற்ற ஒப்புதலன்று. சிகிச்சையின் முதற்படி அதுவே. பள்ளிவாசற் பிரசங்கத்திலே அதனை எடுத்துரைப்போர் சிலர் இப்பகுதியில் இருப்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம்.

போர்க்காலத்தில் கல்முனை மட்டக்களப்பு வீதி பல தடவை மூடுண்டது. சோதனைச்சாவடிகளில் நோயாளர் காத்திருந்தனர். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தபோது சாய்ந்தமருதும் மருதமுனையும் கல்முனைக் கரையும் அழிந்தன. கல்முனையிலே இன்று வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஒன்றுக்கொன்று அணித்தாக இயங்குகின்றன. ஒன்றைத் தமிழருடையது, மற்றொன்றை முஸ்லிம்களுடையது என ஊர்ப் பேச்சு பிரித்துவைத்திருக்கிறது. உழைக்கும் மக்களை ஆளுக்கொரு கட்டடத்தைக் கேட்க வைப்பது எளிது. இரண்டு கட்டடத்துக்கும் ஒரு குப்பி மருந்தைக் கேட்க வைப்பது கடினம். தேர்தற் காலங்களில் இப்பகுதியிலே நாம் செவிமடுத்த மேடைப் பேச்சுகளில் முறிவுமருந்து என்னும் சொல் ஒருமுறைதானும் எழவில்லை.

சம்மாந்துறையில் சேர்க்கப்படும் நோயாளியின் நாடி தளர்ந்தால், பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவதற்கான கடிதம் எழுதப்படுகிறது. நஞ்சு உட்கொண்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், முதல் ஈ.சி.ஜி. எடுத்த நேரம், கொடுத்த அற்றோப்பீனின் அளவு என்பன அதிலே வரிசையாக இடப்படும். முதலாவதாக உள்ள நேரத்தைச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் தாய். அவள் அதனைச் சொல்லி முடிக்கும்வரை அம்பியூலன்ஸ் சாரதி என்ஜினை நிறுத்தாமல் வாசலிலே காத்திருப்பார்.